‘உயர்ரக’ கஞ்சா: பெயர், மணம், வீரியம் – லேபிள் சொல்வதில் உண்மை எவ்வளவு?

புது தில்லி: பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் ‘உயர்ரக’ ஹைட்ரோபோனிக் கஞ்சா சிக்கியது, எடை இத்தனை கிலோ, மதிப்பு இத்தனை கோடி ரூபாய். மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை என விமான நிலையத்தின் பெயர் மட்டும் மாறி, அண்மைக் காலமாக அடிக்கடி வெளியாகும் செய்தி இது. இச்செய்திகளில் எடை உண்டு, பண மதிப்பு உண்டு, ‘உயர்ரகம்’ என்ற அடைமொழியும் உண்டு. அது எதனால் உயர்ரகம், அதன் வீரியம் எவ்வளவு, அதை அளந்தவர் யார் என்ற விவரங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்தியாவில் கஞ்சாவை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். எனினும் கனடா, அமெரிக்காவின் பல மாநிலங்கள், தாய்லாந்து ஆகிய இடங்களில் அது கடைகளில் பெயரிட்டு விற்கப்படுகிறது. அங்கு செல்லும் இந்தியப் பயணிகளும் மாணவர்களும் அந்தப் பெயர்களையும் எண்களையும் பார்க்கிறார்கள். சிலர் அவற்றை நம்பி வாங்குகிறார்கள். வேறு சிலர் பெட்டியில் வைத்து நாடு திரும்பிச் சிறைக்குச் செல்கிறார்கள். எனவே, அந்த லேபிள்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பது இந்திய வாசகருக்கும் தொடர்புடைய கேள்வியாகிறது.

லேபிள் தரும் மூன்று வாக்குறுதிகள்

சட்டபூர்வக் கடைகளில் ஒரு ரகத்தை விற்பவர் மூன்று தகவல்களை முன்வைக்கிறார். முதலாவது, ரகத்தின் பெயரும் வகையும்: ‘இண்டிகா’ என்றால் உடல் தளர்ந்து உறக்கம் வரும், ‘சாட்டிவா’ என்றால் உற்சாகம் தரும், ‘ஹைப்ரிட்’ என்றால் இரண்டும் கலந்தது என்பது கடைக்காரர்களின் விளக்கம். இரண்டாவது, சுவையும் மணமும்: எலுமிச்சை, பைன் மரம், பழம், டீசல் எனப் பலவாறு வருணிக்கப்படுகிறது. மூன்றாவது, வீரியம்: போதை தரும் முதன்மை வேதிப்பொருளான டி.எச்.சி. எத்தனை சதவீதம் என்ற எண்.

இம்மூன்றையும் ஆய்வாளர்கள் கடந்த சில ஆண்டுகளில் தனித்தனியாகச் சோதித்துள்ளனர். முடிவுகள் விற்பனையாளர்களுக்குச் சாதகமாக அமையவில்லை.

‘இண்டிகா’ – இந்தியாவிலிருந்து சென்ற பெயர்

‘இண்டிகா’ என்ற சொல்லே இந்தியாவைக் குறிப்பது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு ‘கன்னாபிஸ் சாட்டிவா’ எனப் பெயரிட்டார். பிரெஞ்சு அறிஞர் லாமார்க், இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மாதிரிகளைக் கொண்டு, போதை தரும் வேறொரு இனமாகக் ‘கன்னாபிஸ் இண்டிகா’வை 1785இல் விவரித்தார். செடியின் தோற்றத்தையும் தன்மையையும் வைத்து இடப்பட்ட அந்தத் தாவரவியல் பெயர்கள், இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ‘உறக்கம்’, ‘உற்சாகம்’ என்ற விற்பனைச் சொற்களாகப் பொருள் மாறிவிட்டன. இன்று சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பல தலைமுறைகளாகக் கலப்பினம் செய்யப்பட்டவை.

கனடா ஆய்வாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளையும் போதையற்ற தொழில் ரகமான ஹெம்ப்பின் 43 மாதிரிகளையும் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். ‘நூறு சதவீதம் சாட்டிவா’ எனக் கூறப்பட்ட ஜமைக்கா ரகம் ஒன்று, ‘நூறு சதவீதம் இண்டிகா’ எனக் கூறப்பட்ட ஆப்கானிஸ்தான் ரகத்துடன் மரபணு அளவில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒரே பெயரில் விற்கப்பட்ட மாதிரிகளும் பல நேரங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 90,000 மாதிரிகளின் வேதியியல் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வும், இண்டிகா, சாட்டிவா, ஹைப்ரிட் என்ற பிரிவுகள் பொருளின் உள்ளடக்கத்தோடு பொருந்தவில்லை என்ற முடிவுக்கே வந்தது.

நெல்லிலோ மாம்பழத்திலோ ரகம் என்றால் விதைக்கும் பெயருக்கும் ஒரு பிணைப்பு உண்டு. பதிவு செய்யப்பட்ட நெல் ரகத்தின் பெயரை வேறொரு விதைக்கு இட்டு விற்க முடியாது. கஞ்சாவோ பல்லாண்டுகள் சட்டத்துக்கு வெளியே மறைவாக வளர்க்கப்பட்ட பயிர். அதன் பெயர்களைச் சரிபார்க்கும் பதிவேடு உருவாகவில்லை. கடையில் எழுதியிருக்கும் பெயர் வளர்ப்பவர் சொன்ன பெயர் மட்டுமே. அது தரும் விளைவுக்கு அந்தப் பெயர் சான்றாகாது.

மணம் எதைக் காட்டுகிறது?

மணத்துக்கு ஓரளவு வேதியியல் அடிப்படை உண்டு. டெர்பீன்கள் எனப்படும் எளிதில் ஆவியாகும் சேர்மங்களே அதற்குப் பெரிதும் காரணம். எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனின், மிளகிலும் கிராம்பிலும் உள்ள கேரியோஃபிலின், பைன் மரத்தின் பைனின் ஆகியவை கஞ்சாப் பூவிலும் காணப்படுகின்றன. இச்செடிக்கே உரிய கடும் நாற்றத்துக்குக் கந்தகம் கலந்த வேறு சேர்மங்கள் காரணம் என்பது 2021இல் கண்டறியப்பட்டது.

நெதர்லாந்தில் வளர்க்கப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, ‘இண்டிகா’, ‘சாட்டிவா’ என்ற பெயர்கள் சில டெர்பீன்களின் அளவோடு மட்டுமே ஓரளவு தொடர்புடையவை எனக் காட்டியது. வளர்ப்பவர்கள் மணத்தை முகர்ந்தே பெயர் சூட்டியிருக்கலாம் என்பது அதிலிருந்து பெறப்படும் பொருள். அதாவது, மணம் பெயரைத் தீர்மானித்திருக்கிறது. மணம் விளைவையும் தீர்மானிக்கிறதா என்பது தனிக் கேள்வி.

அக்கேள்விக்கான விடை இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 20 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், டி.எச்.சி.யுடன் லிமோனினையும் அதிக அளவில் சேர்த்துக் கொடுத்தபோது பதற்ற உணர்வு குறைந்தது. ஆனால் அது ஆய்வகத்தில் அளந்து கொடுக்கப்பட்ட ஆவி. எலுமிச்சை மணம் வீசும் எந்தப் பூவும் பதற்றம் தராது என்று அதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

மணமும் சுவையும் வெளியிலிருந்து சேர்க்கப்படும் பொருள்களில் ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்காவில் 2019இல் மின்னணுக் கருவிகள் மூலம் ஆவியை உள்ளிழுத்தவர்களிடையே கடும் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் உயிரிழந்தனர். பாதிப்புக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட், டி.எச்.சி. எண்ணெயின் அளவைப் பெருக்கிக் காட்டக் கலக்கப்பட்ட பொருள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முறைசாரா வழிகளில் அதை வாங்கியிருந்தனர். அந்தக் குப்பிகளிலும் ரகப் பெயரும் சுவைப் பெயரும் கவர்ச்சியாக அச்சிடப்பட்டிருந்தன.

சதவீதம் என்ற எண்

லேபிளில் அறிவியல்பூர்வமாகத் தோன்றுவது டி.எச்.சி. சதவீதம். இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம், யெகியேல் காவோனி ஆகியோர் 1964இல் இச்சேர்மத்தைத் தனித்துப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். பச்சைப் பூவில் அது பெரும்பாலும் போதை தராத அமில வடிவில் இருக்கும், சூடுபடும்போதே டி.எச்.சி.யாக மாறும். எனவே கனடாவில் லேபிளில் ‘டி.எச்.சி.’, ‘மொத்த டி.எச்.சி.’ என இரண்டு எண்கள் அச்சிடப்பட்டு வந்தன. புகைப்பவருக்குப் பொருந்துவது இரண்டாவது எண். முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் பொருளை மிகவும் மென்மையானது எனத் தவறாகக் கருதக்கூடும்.

அந்த எண்ணும் எப்போதும் நம்பத்தக்கதாக இல்லை. கொலராடோ மாநிலத்தில் 10 கடைகளிலிருந்து வாங்கப்பட்ட 23 மாதிரிகளைச் சோதித்து 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீத மாதிரிகளில் உண்மையான வீரியம், லேபிள் குறிப்பிட்ட குறைந்தபட்ச அளவைவிடவும் 15 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அதிக எண்ணுக்கு அதிக விலை கிடைக்கிறது. சோதனைக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பவரும் கட்டணம் செலுத்துபவரும் உற்பத்தியாளரே. அதிக எண் தரும் கூடத்துக்கே வாடிக்கையாளர் செல்வார் என்ற நிலையில், நேர்மையான கூடம் தொழிலை இழக்கிறது. மேலும், ஒரே செடியின் உச்சிப் பூவுக்கும் அடிப் பூவுக்கும் வீரியம் மாறுபடும். சோதனைக்கு எந்தப் பூவை அனுப்புவது என்பதும் உற்பத்தியாளரின் கையில் இருந்தால், முடிவும் ஓரளவு அவர் கையில்தான்.

போதையற்றது எனப்படும் சி.பி.டி. பொருள்களிலும் இதே நிலை காணப்பட்டது. அமெரிக்காவில் இணையவழியில் வாங்கப்பட்ட 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், 69 சதவீதப் பொருள்களின் லேபிள் தவறாக இருந்தது. 18 பொருள்களில் டி.எச்.சி.யும் கண்டறியப்பட்டது.

உட்கொள்ளும் விதமே பெரும் வேறுபாடு

எண் சரியாகவே இருந்தாலும் அது உடலில் ஏற்படுத்தும் விளைவை நேராகச் சொல்லிவிடாது. புகையாக உள்ளிழுத்தால் சில நிமிடங்களில் விளைவு தெரியும். உணவாகவோ பானமாகவோ உட்கொண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை எதுவும் தெரியாமல் இருக்கலாம். முழு விளைவு வெளிப்பட நான்கு மணி நேரம் வரையும் ஆகலாம். கல்லீரலில் டி.எச்.சி. வேறொரு வீரியமான சேர்மமாக மாறுவதால் போதை கடுமையாகவும் நீண்டும் இருக்கும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று மறுமுறை உட்கொள்பவர்களே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள்.

இதைக் கருதியே கனடா, உண்ணும் பொருளின் ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது என வரம்பு விதித்துள்ளது. 20 சதவீத வீரியமுள்ள ஒரு கிராம் பூவில் 200 மில்லிகிராம் டி.எச்.சி. உள்ளது. புகைக்கும்போது அதில் கணிசமான பகுதி வீணாகும் என்றாலும், இரு எண்களுக்கும் இடையிலான தொலைவு கவனிக்கத்தக்கது. சதவீதத்தைவிட, ஒரு முறை உட்கொள்ளும் மில்லிகிராம் அளவே உடலுக்குப் பொருளுடையது. அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் துர்ப்பயன்பாட்டு நிறுவனம் ஆய்வுகளுக்கு 5 மில்லிகிராம் டி.எச்.சி.யை ஓர் அலகாக 2021இல் நிர்ணயித்ததும் இந்த நோக்கிலேயே.

வீரியம் குறித்த கவலைக்கு உறுதியான அடிப்படை உண்டு. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவின் சராசரி டி.எச்.சி. அளவு 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்தது. 2021இல் சுமார் 15 சதவீதத்தை எட்டியது. ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிரேசிலிலும் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, 10 சதவீதமும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் என்று கண்டது. கடைக்காரர் ‘உயர்ரகம்’ என்று பெருமையாகக் கூறும் அதே எண்ணை, மனநல மருத்துவர் எச்சரிக்கையாகப் படிக்கிறார்.

ஜெர்மனி இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே சேர்த்துள்ளது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வளர்ப்புச் சங்கங்கள் 21 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. உள்ள கஞ்சாவை வழங்க முடியாது.

இந்தியச் சட்டம் அளப்பது எடையை

இந்தியாவின் நிலை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளைக் கஞ்சா என்றும், பிசினைச் சரஸ் என்றும் வரையறுக்கிறது. நுனிகளோடு சேராத இலைகளும் விதைகளும் இவ்வரையறைக்கு வெளியே நிற்கின்றன. தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. சரஸில் இவை முறையே 100 கிராம், ஒரு கிலோ. சிறிய அளவுக்கு ஓராண்டு வரையும், இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரையும், வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் இதே தண்டனைப் படிநிலை பொருந்தும்.

சட்டம் வீரியத்தை அடியோடு மறந்துவிடவில்லை. சரஸுக்குக் கஞ்சாவைவிடப் பத்து முதல் இருபது மடங்கு வரை குறைந்த எடை வரம்பு வைத்ததே அதற்குச் சான்று. ஆனால் அந்த அளவுகள் 2001இல் அறிவிக்கப்பட்டவை. கட்டுப்படுத்தப்பட்ட ஒளியில், மண்ணின்றிச் சத்து நீரில் வளர்க்கப்படும் இன்றைய பூக்கள் 20 சதவீத வீரியத்தையும் கடக்கக்கூடியவை. 4 சதவீத வீரியமுள்ள ஒரு கிலோ கஞ்சாவில் 40 கிராம் டி.எச்.சி. உள்ளது, 20 சதவீத வீரியத்தில் அது 200 கிராம். சட்டத்தின் தராசில் இரண்டும் ஒரே ஒரு கிலோதான்.

போதைப்பொருளின் தூய அளவைக் கணக்கிடுவதா, கலவையின் மொத்த எடையைக் கணக்கிடுவதா என்ற விவாதம் உச்ச நீதிமன்றத்திலும் நடைபெற்றது. தூய பொருளின் அளவே தண்டனைக்கு அடிப்படை என 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது. அதை மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மாற்றியமைத்து, கலவையின் மொத்த எடையே கணக்கில் கொள்ளப்படும் என்றது. கலப்படப் பொருளாயினும் சமூகத்துக்கு ஆபத்தானதே என்ற நோக்கில் அது ஏற்கத்தக்கதே. ஆயினும், தெருவில் விற்கப்படும் பொருள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு வீரியம் கூடுகிறது என்பதை எடைக் கணக்கு காட்டாது.

பாங்காக்கில் வாங்கி வருபவர் இரு வகையில் ஏமாறுகிறார். 2022 ஜூன் 9 அன்று தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியதும் கடைகள் பெருகின. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டின்றிப் பூவை விற்கக் கூடாது என அந்நாடே கட்டுப்பாட்டை இறுக்கியது. லேபிளில் உள்ள பெயரும் எண்ணும் உண்மைதானா என்பது ஐயத்துக்குரியது. அவை உண்மையாகவே இருந்தாலும், இந்திய விமான நிலையத்தில் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் அளிப்பதில்லை. அங்கே வாங்கிய ரசீது இங்கே குற்றத்துக்கான சான்றாகவே அமையும்.

பாங்கு: அளவு தெரியாத குவளை

உள்நாட்டில் பெரும்பாலோர் அறிந்தது பாங்கு. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் 10 முதல் 75 வயது வரையிலான சுமார் 3.1 கோடி பேர் கஞ்சாச் செடியின் ஏதேனும் ஒரு வடிவத்தைப் பயன்படுத்தினர். அவர்களில் சுமார் 2.2 கோடி பேர் பாங்கையும், சுமார் 1.3 கோடி பேர் சட்டவிரோதமான கஞ்சா அல்லது சரஸையும் பயன்படுத்தினர். சுமார் 72 லட்சம் பேருக்கு இப்பழக்கம் தொடர்பான உதவி தேவைப்படுகிறது.

உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் பாங்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. அது பருகப்படும் பொருள். ஆகவே விளைவு தாமதமாகவே தெரியும். ஹோலியன்று முதல் குவளைத் தண்டாயில் ஒன்றும் தெரியாமல் இரண்டாவதைக் கேட்பவருக்கு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிகிராம் டி.எச்.சி. இருந்தது என்பதைச் சொல்ல ஆளில்லை. இலையைத் தன் வரையறைக்கு வெளியே விட்ட 1985ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கென வீரிய வரம்பு எதையும் வைக்கவில்லை.

ரகம் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இந்நாட்டு ஆட்சிமுறைக்குப் புதிதன்று. 1893–94இல் பணியாற்றிய இந்திய ஹெம்ப் போதைப்பொருள் ஆணையத்தின் காலத்தில், வங்காளத்தில் தட்டைக் கஞ்சா, உருண்டைக் கஞ்சா, தூள் கஞ்சா எனப் பிரித்து வெவ்வேறு விகிதத்தில் வரி விதிக்கப்பட்டது. அன்று அரசு ரகம் பிரித்தது வருவாய்க்காக. இன்று அந்தத் தேவை பொது சுகாதாரத்துக்கு உள்ளது.

அளக்க முடியாத நாடல்ல

டி.எச்.சி.யை அளக்கும் திறன் இந்தியாவில் உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க அனுமதித்தபோது, விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் என டி.எச்.சி. உச்சவரம்பு நிர்ணயித்தது. உத்தராகண்ட் மாநிலம் 0.3 சதவீத வரம்புக்குள் தொழில்முறை ஹெம்ப் சாகுபடியை 2018இல் அனுமதித்தது. இமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் கட்டுப்படுத்தப்பட்ட சாகுபடிக்கான முன்னோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. போதை தராத பொருளில் மில்லிகிராம் வரை அளக்கும் அரசு, போதை தரும் பொருளில் கிலோ கணக்கோடு நின்றுவிடுகிறது.

பறிமுதல் செய்யப்படும் கஞ்சாவின் டி.எச்.சி. அளவை மாதிரி அடிப்படையில் சோதித்து, ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட்டால், மருத்துவர்களும் பெற்றோரும் தாங்கள் எதிர்கொள்வது எது என்பதை அறிவார்கள். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. உரிமம் பெற்ற பாங்குக் கடைகளில் ‘விளைவு தெரிய இரண்டு மணி நேரம் வரை ஆகலாம்’ என்ற ஒரு வரி எச்சரிக்கையை எழுதி வைக்கவும் பெரும் செலவு ஆகாது.

பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோருக்கு மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லா உதவி எண் செயல்படுகிறது. சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கை எதிர்கொள்ளும் அடிமையானவர், தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அச்சட்டத்தின் 64ஏ பிரிவு இடமளிக்கிறது. இவ்வழி இருப்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை.

‘உயர்ரகம்’ என்பது விற்பவரின் சொல். பறிமுதல் அறிக்கையிலும் அதைத் தழுவி எழுதப்படும் செய்தியிலும் அச்சொல் சோதனையின்றி இடம்பெறும்போது, விற்பவருக்குக் கட்டணமில்லா விளம்பரம் கிடைக்கிறது. அந்த இடத்தில் அளந்து பெற்ற ஓர் எண்ணும், அந்த எண்ணால் உடலுக்கும் மனத்துக்கும் நேரக்கூடிய தீங்கும் எழுதப்பட்டால், வாசிக்கும் இளைஞருக்கு அது பயன்படும்.